உப்புத் தண்ணீரும் கொசுவும்: மதுரைச் செல்லூர் வீடு ஒன்றில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள்

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தங்கை மகளிடமிருந்து போன் வந்தது. "அம்மாவால் மூச்சுவிட முடியவில்லை மாமா. பாத்ரூம் முழுக்கப் பச்சையாகப் புகை" என்றாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் குரலுக்குப் பின்னால் தங்கை இருமுவது கேட்டது. இடையில் மூச்சை இழுக்கக்கூட நேரம் கொடுக்காத இருமல்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவன். 'பச்சை' என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. குளோரின் என்ற பெயரே வெளிர்பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று ஆண்டுதோறும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். "யாரும் உள்ளே போகாதீர்கள். அம்மாவை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடு. தம்பியையும் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போ" என்றேன். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு படிந்து படிக்கட்டின் அடியில் தேங்கும். மாடிக்கு அவ்வளவு எளிதில் ஏறாது. அந்த வீட்டில் பாத்ரூம் இருப்பதே மாடிப்படிக்கு அடியில்தான்.

அன்றைக்கு நடந்ததையும், அதன் பிறகு எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டை அலமாரி அலமாரியாகக் குடைந்து பார்த்ததில் கிடைத்ததையும் தங்கையின் சம்மதத்தோடு எழுதுகிறேன். "பெயரைப் போடாமல் எழுதுங்கள் அண்ணே, தெருவில் சிரிப்பார்கள்" என்பது மட்டுமே அவள் போட்ட நிபந்தனை.

அந்த ஒரு நிமிடம்

பொங்கலுக்கு நாத்தனார் வருகிறாள். நிறைமாதம், பிரசவமும் இங்கேதான். அதனால் பாத்ரூம் சுவர் ஓடுகளில் படிந்திருந்த வெள்ளைக் கறையை எடுத்துவிட வேண்டும் என்று தங்கை காலையிலேயே இறங்கியிருக்கிறாள். மூன்று சக்கர வண்டியில் "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்" என்று கூவிக்கொண்டு வருபவரிடம் முந்தின வாரம் வாங்கிய ஆசிட்டைச் சுவரில் ஊற்றித் தேய்த்திருக்கிறாள். நுரைத்தது, ஆனால் கறை முழுதாகப் போகவில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் பலன் கூடும் என்பது எந்த வீட்டிலும் உள்ள கணக்குத்தான். தொட்டிக்காக வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி ஈரத் தரையில் தூவினாள். தண்ணீர் வெளியே தெறிக்காமல் இருக்கக் கதவைச் சாத்தியிருந்தாள்.

பிளீச்சிங் பவுடரில் குளோரின், ஹைப்போகுளோரைட் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. கழிப்பறை ஆசிட் என்பது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் கட்டு அவிழ்ந்து குளோரின் வாயுவாக வெளியேறுகிறது. சூடாக்க வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், அந்தக் கணமே நடக்கும்.

எவ்வளவு வந்திருக்கும் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கைப்பிடி என்றால் சுமார் 50 கிராம். அதில் 30 சதவீதம் குளோரின் என்று வைத்தால் 15 கிராம். வாயுவாக ஏறத்தாழ 5 லிட்டர். பாத்ரூம் நான்கு அடிக்கு ஆறு அடி, உயரம் எட்டு அடி, ஆக 5,400 லிட்டர் காற்று. தூவிய பவுடரில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே வினைபுரிந்திருந்தாலும் காற்றில் பத்து லட்சத்துக்கு ஐம்பது பங்கு அளவில் குளோரின் இருந்திருக்கும். பத்து லட்சத்துக்கு 10 பங்கு என்பதையே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. 30 பங்கைத் தாண்டினால் நெஞ்சுவலி, வாந்தி, அடக்க முடியாத இருமல். தங்கைக்கு இந்த மூன்றும் இருந்தன. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ரு நகரின் அருகே ஜெர்மன் படையினர் சிலிண்டர்களைத் திறந்து விட்டார்களே, அதே வாயு.

அவளைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்றுதான்: தாழ்ப்பாள் துருப்பிடித்து ஒழுங்காக விழாமல் இருந்தது. சாத்திய கதவு ஒரு தள்ளலில் திறந்துகொண்டது. அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் உள்ளே இருந்திருப்பாள். அந்தத் துருவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அத்தை (தங்கையின் மாமியார்) ஒரு டம்ளர் பாலைக் கொடுத்திருந்தார். நஞ்சு என்றால் பால் என்பது அவர்கள் காலத்து வைத்தியம். மூச்சுக்குழாயில் போன வாயுவுக்கு வயிற்றில் போகும் பால் எதுவும் செய்யாது. இருமலில் புரை ஏறாமல் தப்பித்ததே பெரிது. முகத்தையும் கண்களையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் செய்து, சேலையை மாற்ற வைத்து, ஆட்டோவில் ஏற்றினோம்.

மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன ஆசிட்? பாட்டிலைக் கொண்டு வந்தீர்களா?" என்று. தங்கை மகள் கெட்டிக்காரி, மறக்காமல் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். எடுத்து மேசை மேல் வைத்தாள். ஆரஞ்சுப் பழப் படம் போட்ட குளிர்பான பாட்டில். மருத்துவர் அதையே ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தார்.

ஆக்சிஜனும், ஆவியாக மருந்தும் கொடுத்தார்கள். மாலைக்குள் இருமல் மட்டுப்பட்டது. ஆனாலும் இரவு தங்க வேண்டும் என்றார்கள். குளோரின் மூச்சில் போனவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய் நள்ளிரவில் திணறுவது இதனால்தான். மறுநாள் வீடு திரும்பினாள். பொங்கல் பானையை அத்தைதான் ஏற்றினார். தங்கைக்கு ஊதுபத்தி வாசனை பட்டால்கூட இருமல் வருவது ஆறு வாரம் நீடித்தது.

அட்டைப்பெட்டித் துண்டு

தை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனபோது பாத்ரூமைத்தான் முதலில் பார்த்தேன். கதவின் கீல், தாழ்ப்பாள், துணி மாட்டும் ஆணி, இரும்பு என்று இருந்தது எல்லாம் செம்பழுப்பாகப் பொரிந்திருந்தது. வெறும் ஈரத்தால் இப்படிப் பொரியாது. ஆசிட் பாட்டிலின் தளர்ந்த மூடியும், வாயைச் சுற்றிக் கட்டிய பிளீச்சிங் பவுடர் பையும் ஒரே தட்டில் தோளோடு தோள் உரசி நின்றிருந்தன. அமில ஆவியும் குளோரினும் அன்றைக்கு மட்டும் வந்தவை அல்ல. ஆண்டுக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. மூக்கு பழகிவிட்டது, இரும்புக்குப் பழகவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். சுவரின் உச்சியில் ஓர் அடிக்கு முக்கால் அடி சிமெண்ட் ஜாலி. அதில் அட்டைப்பெட்டியை வெட்டி அடைத்து, நான்கு புறமும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"எதற்கு இது?"

"கொசு அண்ணே. பின்னால் வாய்க்கால் இருக்கிறதே."

பந்தல்குடி வாய்க்கால் செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்குப் போகிறது. கண்மாய் நிறைந்தால் உபரி நீரைக் கொண்டுபோக வெட்டியது; இப்போது ஆண்டு முழுவதும் சுமப்பது பெரும்பாலும் சாக்கடையைத்தான். நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதற்கென்றே சின்னச்சொக்கிகுளத்தில் மத்திய அரசு மையம் வைத்த ஊர் மதுரை. அந்த ஊரில் கொசுவை விரட்ட அட்டை அடைத்ததற்காக ஒரு பெண்ணைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஆய்வை எப்படிச் செய்வது என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. வரும்போது நான் ஒரு பட்டியல் போடும் எண்ணத்தோடுதான் வந்தேன்: நச்சுப் பொருள்கள் இவை, இவற்றைத் தூக்கி எறி. அப்படிச் செய்திருந்தால் ஒரு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்திருக்கும். ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டு "இது எதற்கு?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தேன். மொத்தம் இருபத்து மூன்று பாட்டில், டப்பா, பொட்டலம். பாதிக்கு மேல் பதில்கள் இரண்டே காரணங்களில் போய் முட்டின. ஒன்று, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர்த் தண்ணீர். மற்றது, கொசு.

போர்த் தண்ணீர்

ஒரு பாட்டில் போர்த் தண்ணீரைக் கல்லூரிக்கு எடுத்துப் போய் ஈ.டி.டி.ஏ. கரைசலால் அளந்து பார்த்தேன். கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 720 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை இருக்கலாம். வேறு நீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். குடிக்க மாநகராட்சித் தண்ணீர் வருகிறது, அது ஒரு நாள் விட்டு ஒரு நாள். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் இந்தப் போர்த் தண்ணீர். ஓட்டில் தெறித்த ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டுச் செல்கிறது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லும் அதுதான். சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது. அமிலத்துக்குக் கரையும். ஆக, தங்கை ஆசிட்டைத் தேடிப் போனது அறியாமை அல்ல, சரியான வேதியியல். தவறு பிளீச்சிங் பவுடரில்தான். அது கிருமியைக் கொல்லும், சாயத்தை வெளுக்கும். சுண்ணாம்புக் கறையை ஒன்றும் செய்யாது. கறை வெள்ளையாக இருந்தாலும் வெளுக்க வேண்டிய கறை அல்ல அது.

தீர்வு, பார்க்கப் போனால், அசட்டுத்தனமாக எளியது. கண்ணாடி துடைக்கும் ரப்பர் துடைப்பான் ஒன்றை ஆணியில் மாட்டினோம். கடைசியாகக் குளிப்பவர் சுவரை மேலிருந்து கீழாக நான்கு இழுப்பு இழுத்துவிட்டு வர வேண்டும். துளி காய்ந்தால்தானே புள்ளி? ஏற்கெனவே படிந்த கறைக்கு, கீழமாசி வீதியில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) வாங்கினேன். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி. பழைய துணியை அதில் நனைத்துச் சுவரில் ஒட்டிவைத்து அரை மணி நேரம் கழித்துத் தேய்க்க வேண்டும். ஆசிட்டைப் போல ஒரே தேய்ப்பில் போகவில்லை. ஆறு ஆண்டுக் கறை முழுதாக இறங்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மார்பிள், மொசைக் தரை உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம், கல்லையே அரித்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எலுமிச்சை உப்பும் ஓர் அமிலம். அதை பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் அதிலிருந்தும் குளோரின் வரும். வினிகரும் அப்படித்தான், எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். "இயற்கை முறைச் சுத்தம்" என்று சொல்லி இரண்டையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் குறிப்புகள் கைப்பேசியில் சுற்றுகின்றன. பழத்திலிருந்து வந்த அமிலமா, தொழிற்சாலையிலிருந்து வந்த அமிலமா என்று ஹைப்போகுளோரைட் விசாரிப்பதில்லை.

மாப்பிள்ளை (தங்கையின் கணவர்) தன் பங்குக்கு ஆரஞ்சுத் தோல், வெல்லம், தண்ணீர் போட்டு ஊறவைக்கும் நொதிக் கரைசலைத் தயாரிக்க முயன்றார். மூடியைத் தினம் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அவர் மூன்று நாள் மறந்தார். நான்காம் நாள் அது தானாகவே திறந்துகொண்டது. சமையலறைக் கூரையில் இன்னும் ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது. அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மீதமிருந்த ஆசிட்டை என்ன செய்வது என்பதுதான் சிக்கலாக இருந்தது. குளிர்பான பாட்டிலில் அதை நான்கு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் இன்னொரு இரவுகூட வைக்க எனக்கு மனமில்லை. கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்ச் சமையல் சோடாவால் நுரை அடங்கும்வரை சமன்செய்து, நிறையத் தண்ணீரோடு வடிகாலில் விட்டேன். ஆசிட் விற்பவர் வாங்குபவரின் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. வண்டிக்காரரிடம் பதிவேடு எங்கே இருக்கப் போகிறது? அவரும் கையுறைகூட இல்லாமல் அதையே நாள் முழுக்க ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பவர்தான்.

பிளீச்சிங் பவுடர் தொட்டிக்கு வேண்டும். டெங்குக் காலத்தில் வீடு வீடாகத் தொட்டி பார்க்க வருபவர்கள் புழு கண்டால் சத்தம் போடுகிறார்கள் என்று தங்கை வாரம் ஒரு டம்ளர் பவுடரைக் கொட்டியிருக்கிறாள். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம், 150 கிராம். தொட்டி 3,000 லிட்டர். நல்ல பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். அப்படிப் பார்த்தால் ஏழரை கிராம். அவள் போட்டது இருபது மடங்கு. அந்தத் தண்ணீரில்தான் ஐந்து பேரும் குளித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கிருமிக்குப் போதுமான அளவு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவுக்குப் போதாது. அதன் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைக்கும். தொட்டியைக் காலி செய்து சுவரைத் தேய்த்து, மூடியின் ஓரத்தில் இருந்த விரல் நுழையும் இடைவெளியைப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டி அடைத்தோம். கொசு உள்ளே போக வழியில்லாத தொட்டியில் புழுவுக்கு என்ன வேலை?

கொசு

வீட்டின் ஒரே படுக்கையறை பத்துக்குப் பத்து. மார்கழியிலிருந்து மாசி வரை ஜன்னல் சாத்தியே இருக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு தகர மூடியில் கொசுவர்த்திச் சுருள் இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை புகையும். நான்கு வயதுக்காரன் படுப்பது அந்தக் கட்டிலில்தான். இரண்டு குளிர்காலமாக அவனுக்கு இரவு இருமல். பனி என்றார்கள். நானும் பனி என்றே நினைத்தேன். நான் என்ன பெரிய மேதை?

ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் நுண்துகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதைக் கேட்டதும் மாப்பிள்ளை, "அப்படியென்றால் நான் சிகரெட்டை விட்டது வீணா?" என்றார். வீண் இல்லை. சிகரெட் புகையில் உள்ளது எல்லாம் இதில் இல்லை, ஒப்பிட்டது 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களின் எடையை மட்டும். ஆனால் நுரையீரலின் கடைக்கோடி வரை போவது அந்தத் துகள்தான். சுருளில் பூச்சிக்கொல்லி மிகச் சிறிய பங்கு. மற்றதெல்லாம் எட்டு மணி நேரம் அணையாமல் புகைவதற்காகச் சேர்த்த மரத்தூளும் பசையும்.

அத்தை உடனே ஒரு மாற்றைச் சொன்னார்: வேப்பிலைப் புகை, சாம்பிராணி. அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் மூடிய அறையில் வேப்பிலை எரிந்தாலும் சுருள் எரிந்தாலும் வருவது புகைதான், துகள்தான். சாம்பிராணியைக் கூடத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போடுவது, குழந்தையைத் தூபக்கால் மேல் பிடிக்காமல் இருப்பது என்று ஒரு சமாதானத்துக்கு வந்தோம்.

படுக்கையறை ஜன்னல் இரண்டுக்கும் ஒட்டி எடுக்கக்கூடிய நைலான் வலை போட்டோம். கட்டிலுக்குக் கொசுவலை. தங்கை முதல் வாரம் மூச்சு முட்டுகிறது என்றாள், மின்விசிறிக் காற்று வலைக்குள் சரியாக வரவில்லை. சுவரில் ஒரு விசிறியை வலைக்கு நேராக மாட்டியதும் அந்தப் புகார் நின்றது. பாத்ரூம் ஜாலியில் அட்டையைப் பிய்த்துவிட்டு அதே வலையில் ஒரு துண்டை ஒட்டினோம். மொத்த வேலையில் மிகக் குறைந்த செலவு அதற்குத்தான், அறுபது ரூபாய்கூட ஆகவில்லை. ஜனவரியில் அது அங்கே இருந்திருந்தால்கூட, கலவை கலவைதான். ஆனால் வாயு வெளியேற ஒரு வழியாவது இருந்திருக்கும்.

செருகி வைக்கும் திரவ மருந்தை முழுதாக நிறுத்த முடியவில்லை. புகை இல்லை என்பது உண்மை. பூச்சிக்கொல்லி ஆவி இல்லை என்பது உண்மை அல்ல. படுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஓடவிட்டு, குழந்தை படுக்கும்போது அணைத்துவிடுவது என்று ஏற்பாடு.

தங்கை மகள் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தம்பி இருமிய இரவுகளைக் குறித்து வைத்தாள். ஜனவரியில் 17. மார்ச்சில் 6. இதை முழுக்க வலையின் சாதனை என்று சொல்ல மாட்டேன். இடையில் பனி போய் வெயில் வந்துவிட்டது. அடுத்த மார்கழியில்தான் தெரியும்.

ஈயச்சொம்பு

போர்த் தண்ணீரிலும் கொசுவிலும் சேராத ஒன்று சமையலறையில் இருந்தது. அதை நான் தேடிப் போகவில்லை. நான்காம் ஞாயிறு சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை ஈயச்சொம்பிலிருந்து ரசம் ஊற்றினார். நல்ல ரசம். இரண்டாவது கரண்டிக்குப் பிறகுதான் அந்தச் சொம்பைப் பார்த்தேன்.

தமிழில் ஈயம் என்ற சொல்லே ஒரு பொறி. வெள்ளீயம் ஒரு தனிமம், காரீயம் வேறு தனிமம். பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசச்சொம்பு வார்ப்பதும் வெள்ளீயத்தால். அது உணவுக்குக் கெடுதல் செய்யாது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இந்த அளவுக்குக் கீழே பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது. காரீயம் விலை மிக மலிவு, பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, இரண்டும் எளிதில் ஒன்றாக உருகும். கலக்க நினைப்பவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? புளி ரசம் புளிப்பு. சூட்டில் அது காரீயத்தை அரித்தெடுக்கும்.

சாப்பாடு முடிந்ததும் தராசைக் கேட்டேன். சொம்பு 438 கிராம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். சொம்பை நூலில் கட்டி, உள்ளே காற்றுக்குமிழி நிற்காமல் சாய்த்து, அடியில் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 57 காட்டியது. சொம்பு இடம்பெயர்த்த தண்ணீர் 57 கிராம், அதாவது சொம்பின் உலோகம் 57 கன சென்டிமீட்டர். 438-ஐ 57-ஆல் வகுத்தால் 7.68. தூய வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. காரீயத்துக்கு 11.3. மூன்று முறை செய்தேன். எண் ஒன்று இரண்டு முன்பின் ஆனதே தவிர 7.3 பக்கம் போகவே இல்லை. கூடுதல் முழுக்கக் காரீயம் என்றால் எடையில் ஏழில் ஒரு பங்கு. செம்பு கலந்தாலும் அடர்த்தி ஏறும் என்பதால் இது முடிவான சோதனை அல்ல, சந்தேகத்துக்குப் போதுமான சோதனை. தூய வெள்ளீயத்தை வளைத்தால் 'கிறீச்' என்று ஒரு முனகல் கேட்கும். விளிம்பை லேசாக வளைத்துக் காதருகே வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை.

"ஈயச்சொம்பில் வைக்காததைப் புளித்தண்ணீர் என்று சொல்லுங்கள் தம்பி, ரசம் என்று சொல்லாதீர்கள்" என்றார் அத்தை. அவர் மாமியார் கொடுத்த சொம்பு என்றால் நானும் தயங்கியிருப்பேன். ஆனால் அது அல்ல இது. பழைய சொம்பை ஒரு நாள் ரசமில்லாமல் அடுப்பில் வைத்து உருக்கிவிட்டு, எட்டு ஆண்டுக்கு முன் எங்கோ புதிதாக வாங்கியது.

பேரனுக்கு ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொன்னேன். 100 மில்லிலிட்டருக்கு 6.1 மைக்ரோகிராம். 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்து எதுவும் தேவைப்படும் அளவு அல்ல என்று குழந்தை மருத்துவர் சொன்னார்; ஊற்றை அடைத்துவிட்டு, இரும்புச் சத்தும் கால்சியமும் குறையாமல் உணவு கொடுத்து, மீண்டும் பார்க்கச் சொன்னார். நான்கு மாதம் கழித்து 4.4. சொம்பு இப்போது பூஜை அலமாரியில் விபூதி தாங்குகிறது. குறைந்தது சொம்பால்தானா என்பதில் எனக்குப் பெரும்பாலும் சந்தேகம் இல்லை. மருத்துவர் சொன்ன இரும்புச் சத்து, கால்சியம் தவிர வேறு எதையும் அந்த நான்கு மாதத்தில் உணவில் மாற்றவில்லை.

சில்லறை

துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை. நாத்தனாருக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு என்று தங்கை மகனின் பழைய சட்டைகளை அதில்தான் மடித்து வைத்திருந்தார்கள். உருண்டையில் இருப்பது நாப்தலீன். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவான குழந்தைக்கு அந்தத் துணியைப் போட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். குறைபாடு இருப்பது பிறக்கும் முன் யாருக்குத் தெரியும்? எல்லாத் துணியையும் இரண்டு முறை துவைத்து மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் போட்டோம். உருண்டைகள் போயின. குழந்தை மாசியில் பிறந்தது, பெண், நலம்.

கரப்பான் பூச்சிக்கான சாக்பீஸ் ஒன்று பையனின் பலகையோடு கிடந்தது. நிறமும் அளவும் பள்ளிச் சாக்பீஸ்தான். அன்றே வெளியேறியது. சமையலறைத் தொட்டியின் கீழ் இரவில் ஈரம் இல்லாமல் துடைத்து வைப்பதும், குழாய் நுழையும் ஓட்டையைச் சிமெண்டால் அடைத்ததும் அதன் வேலையைப் பெரும்பாலும் செய்கின்றன. சூடம் டப்பா பூஜை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏறியது. விழுங்கினால் ஒரு வில்லைகூடச் சிறு குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடியது.

எட்டாம் ஞாயிறு

இருபத்து மூன்று, ஒன்பதாகியிருந்தது. பிளீச்சிங் பவுடர் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் மொட்டைமாடி அறைக்கு மாறியிருந்தது, டப்பாவின் மேல் தங்கை மகளின் கையெழுத்தில் "தொட்டிக்கு மட்டும். 2 டீஸ்பூன். எதனோடும் சேர்க்காதே". ஆசிட் இல்லை. பினாயில் இருக்கிறது, அது இல்லாமல் வாசல் கழுவினால் கழுவியது போல் இல்லை என்று அத்தை பிடிவாதமாக இருக்கிறார். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதோடும் கலக்காதீர்கள் என்று விட்டுவிட்டேன். பினாயிலுக்குச் சண்டை போட்டால் ஈயச்சொம்பு திரும்பி வந்துவிடும்.

தங்கையின் இருமல் நின்றிருந்தது. பாத்ரூம் தாழ்ப்பாளை மாற்றலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். துரு ஏறாத எஃகில் வாங்கி, வெளியிலிருந்தும் திறக்கும்படியானதாகப் போடச் சொன்னேன்.

அன்றைக்கு மாலை வலைக்குள் உட்கார்ந்து பையனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது சுருள் வாசனை வந்தது. எழுந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், எதுவும் இல்லை. தங்கை சிரித்தாள். இரு வீட்டுக்கும் பொதுவான சுவரின் உச்சியில், ஒயர் போவதற்காக என்றோ உடைத்த ஓர் ஓட்டை. பக்கத்து வீட்டில் சுருள் ஏற்றியிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது. ஓட்டையைச் சிமெண்டால் அடைக்க ஐந்து நிமிடம் போதும். அடைத்தால் புகை முழுக்க அவர்கள் பக்கமே தங்கும் என்று தங்கை தயங்கினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீதமிருந்த வலைத் துண்டை எடுத்துக்கொண்டு முதலில் அவர்கள் கதவைத் தட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.